எட்டு அடுப்பு, ஒரு மாஸ்டர்

கேள்வி: சர்வரில் 8 கோர் இருக்கிறது. என் நோட் ஆப் ஒரே ஒரு கோரில்தான் மூச்சு வாங்குகிறது. மீதி ஏழும் என்ன செய்கின்றன?

பதில்: சம்பளத்தோடு லீவில் இருக்கின்றன. 2009-ல் ரயன் டால் நோட்.ஜேஎஸ்ஸை வெளியிட்ட நாளிலிருந்தே அதன் சுபாவம் இதுதான்: உங்கள் ஜாவாஸ்கிரிப்ட் ஒரே த்ரெட்டில் ஓடும். எட்டு அடுப்புக் கடையில் ஒரே பரோட்டா மாஸ்டர். (ஃபைல் படிப்பது போன்ற சில்லறை வேலைக்கு உள்ளே நாலு எடுபிடிகள் உண்டு. மாவில் கைவைக்க அவர்களுக்கு அனுமதியில்லை.)

கேள்வி: சரி, இன்னொரு டெர்மினலைத் திறந்து அதே ஆப்பை இரண்டாவது தடவை ஓட விட்டேன். 'இஏடிடிஆர்இன்யூஸ்' என்று ஏதோ திட்டுகிறதே?

பதில்: திட்டவில்லை, 3000-ஆம் போர்ட்டில் ஏற்கெனவே துண்டு போட்டாகிவிட்டது என்கிறது. இரண்டாவதை 3001-க்கு அனுப்பலாம், ஆனால் வருகிறவர்களை இரண்டுக்கும் பிரித்துவிட வாசலில் ஓர் ஆள் வேண்டும். அந்த ஆளோடு சேர்த்தே தருகிறது பிஎம்2 என்ற புராசஸ் மேனேஜர். 'பிஎம்2 ஸ்டார்ட் ஆப்.ஜேஎஸ் -ஐ மேக்ஸ்' என்று ஒரு வரி அடியுங்கள். கோருக்கு ஒன்றாக எட்டு இன்ஸ்டன்ஸ் எழுந்துவிடும். போர்ட்டைப் பிடித்துக்கொள்வது தலைமை புராசஸ். லினக்ஸில் அது பந்தியில் இலை போடுவதுபோல வரிசையாக ஆளுக்கொரு வேலையாகக் கொடுக்கும்.

கேள்வி: அடித்தேன், எழுந்தன. இப்போது லாகின் செய்து அடுத்த பக்கம் போனால் மறுபடி லாகின் கேட்கிறது!

பதில்: எட்டும் தனிக்குடித்தனம், ஐயா. மெமரி தனித்தனி. உங்களை வரவேற்றது 2-ஆம் நம்பர். அடுத்த கிளிக் போனது 5-ஆம் நம்பரிடம். அது "நீங்க யாரு?" என்று கேட்காமல் என்ன செய்யும்? செஷனை ரெடிஸில் போட்டு வையுங்கள்; எல்லோரும் அங்கே பார்த்துக்கொள்வார்கள்.

கேள்வி: ராத்திரி 12 மணிக்கு ஒரு பிறந்தநாள் மெயில் போகவேண்டும். எட்டு போகிறது.

பதில்: பாசம் அதிகம். நானும் இப்படி ஒருவரை நாலு தடவை வாழ்த்தி, "போதும் தம்பி" என்று பதில் வாங்கியவன்தான். டைமரும் ஒவ்வொரு இன்ஸ்டன்ஸுக்குள்ளும் தனியாக ஓடுகிறது. பிஎம்2 ஒவ்வொன்றுக்கும் 0-விலிருந்து நம்பர் கொடுக்கும்; அது 'நோட்_ஆப்_இன்ஸ்டன்ஸ்' என்ற என்விரான்மென்ட் வேரியபிளில் இருக்கும். 0 என்றால் மட்டும் அனுப்பு என்று எழுதுங்கள். மெயிலுக்கென்று தனி புராசஸே வைத்துவிட்டால் இன்னும் நிம்மதி.

கேள்வி: புதுக் கோடு ஏற்ற, ரீஸ்டார்ட்டா ரீலோடா?

பதில்: ரீலோடு. ஷட்டரை இறக்காமலே ஷிஃப்ட் மாறும்.

கேள்வி: எட்டுக்கே இவ்வளவு வேகம் என்றால், 16 போட்டுவிடலாமா?

பதில்: எட்டு அடுப்புக்குப் பதினாறு மாஸ்டரா? முழங்கை இடிக்கும். அதுகூடப் பரவாயில்லை, ஒவ்வொன்றும் டேட்டாபேஸுக்குப் பத்து கனெக்‌ஷன் திறந்தால் மொத்தம் 160. போஸ்ட்கிரெஸ், நீங்கள் மாற்றாதவரை, 100-லேயே கதவைச் சாத்திவிடும்.