குருநகரில் உலை, உரம், உண்டியல்: ஒரு திணைமயக்க ஆராய்ச்சி

நெய்தல் நிலத்துக்குத் தெய்வம், உணவு, பறை, பண் என்று எல்லாவற்றையும் வகுத்துத் தந்த இலக்கண ஆசிரியர்கள் கத்தரிக்கன்றைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லாமல் போய்விட்டார்கள். நெய்தலின் தொழில் மீன்பிடித்தலும் உப்பு விளைத்தலும். நீர், மணற்கிணறும் உவர்க்கழியும். சிறுபொழுது எற்பாடு. உரிப்பொருள் இரங்கல். இவ்வளவும் யாழ்ப்பாணக் கடல்நீரேரியை ஒட்டிக் கிடக்கும் குருநகருக்கு, கரையூர் என்று அது பெயர் கொண்டிருந்த காலத்திலும் பொருந்தியது, இன்றும் பொருந்துகிறது, இரங்கல் உட்பட. ஆனால் அங்கே ஓர் ஒழுங்கைக்குள் நுழைந்து பார்ப்பவர் கண்ணில் முதலில் படுவது, ஐஸ் அடித்து மீன் ஏற்றிய பழைய ரெஜிபோம் பெட்டியில் காய்த்து நிற்கும் பச்சைமிளகாய். பக்கத்தில் ஓட்டை விழுந்த பெயின்ற் வாளியில் கத்தரி. கிழிந்த நைலோன் வலையைப் பிடித்துக்கொண்டு மதிலில் ஏறும் பாவல். தொடர்மாடியில் குடியிருப்போர் இதே மருதநிலத்தைப் படிக்கட்டு ஓரத்தில் செய்துகொள்கிறார்கள்.

நெய்தலுக்குள் மருதம் இப்படி ஏறிக்கொண்டது எவ்வாறு, அதற்குக் காசு போட்டவர் யார், அந்நேரம் அடுப்பில் இருந்தது என்ன என்னும் மூன்று வினாக்களையே இக்கட்டுரை ஆராயப் புகுகிறது.

இத்துறையில் இதற்குமுன் நடந்த பேராய்வு ஒன்றே ஒன்றுதான். அதை நடத்தியது இலங்கை அமைச்சரவை. 2022 ஏப்ரல் 12ஆம் திகதி வெளிநாட்டுக் கடனைத் திருப்பிக் கொடுக்க இயலாது என்று அறிவித்துவிட்டு, ஜூன் மாதத்தில் அரசாங்க உத்தியோகத்தருக்கு மூன்று மாதங்களுக்கு வெள்ளிக்கிழமைகளில் லீவு கொடுத்தார்கள். எரிபொருள் மிச்சமாகும், வீட்டில் நிற்பவர் தோட்டம் செய்வார், தோட்டம் செய்தால் சாப்பாட்டுச் செலவு குறையும் என்பது கருதுகோள். அதற்கு முந்தைய ஆண்டுதான் இரசாயன உர இறக்குமதியை நிறுத்தியிருந்தார்கள். முதலில் உரத்தை நிறுத்து, பிறகு பயிரிடச் சொல் என்னும் இந்த வரிசைமுறையின் நுட்பத்தை வேறொரு கட்டுரையில்தான் ஆராயவேண்டும்.

அந்தக் கருதுகோளில் ஒரு மாறி விடுபட்டுப்போயிற்று. வேலைக்குப் போகிற ஒருவர் பகலில் வீட்டில் நின்றால் வீட்டுவேலை குறைவதில்லை, கூடும். பத்து மணிக்கு ஒரு தேத்தண்ணி, பதினொரு மணிக்கு மண்வெட்டி எங்கே என்றொரு கேள்வி, பன்னிரண்டுக்கு இன்னொரு தேத்தண்ணி. இதைக் கண்டறிய ஆணைக்குழு வேண்டியதில்லை. கடற்றொழிலாளர் வீடுகளில் ஆண்கள் பகலில் நிற்பது பரம்பரை வழக்கம். அந்த வீடுகளில் ஒன்றைக் கேட்டிருந்தாலே போதும்.

இங்கே என் முதற் கோட்பாட்டை முன்வைக்கிறேன். இதற்கு நித்திரைக் கோட்பாடு என்று பெயர். இரவுத் தொழிலுக்குப் போனவர் விடியக் கரைக்கு வந்து, மீனைக் கூறிக் கொடுத்து, வலையை உதறி, வீட்டுக்கு வந்து படுத்தால் பின்னேரம்வரை எழும்பமாட்டார். அந்த ஐந்தாறு மணித்தியாலம் அம்மியில் அரைக்க முடியாது. உரலில் இடிக்க முடியாது. சட்டி விளக்க முடியாது. பிள்ளைகளை ஏசுவதுகூடக் கையாலும் கண்ணாலும்தான். வீட்டுவேலைகளுள் ஓசை எழாதவை எவை என்று வகுத்துப் பார்த்தால் கன்றுக்குத் தண்ணி ஊற்றுதல், புழுப் பிடித்தல், புல் பிடுங்குதல் என்னும் மூன்றே எஞ்சும். மூன்றும் தோட்டவேலை. ஆகவே விதி: பகலில் உறங்குவோன் முற்றம் பச்சை பிடிக்கும்.

அற்றேல், இரவுக் காவலாளி வீட்டிலும் கத்தரி காய்க்கவேண்டுமே எனின், அவர் வீட்டில் மீன் கழுவிய தண்ணி இல்லை என்க. நிலவு காலத்தை இவ்விதிக்கு எதிர்ச்சோதனையாகக் கொள்ளலாம். நல்ல நிலவில் வலையை மீன் கண்டுகொள்ளும் என்பார்கள், தொழில் மந்தம், வீட்டுக்காரர் இரவில் தூங்கிப் பகலில் விழித்திருப்பார். அந்த நாட்களில் சட்டி விளக்கவும் மா இடிக்கவும் தடையில்லாததால் கன்றுகள் வாடும். சந்திரனுக்கும் வேளாண்மைக்கும் உள்ள தொடர்பைப் பற்றிப் பஞ்சாங்கங்கள் சொல்வது வேறு, காரணம் இதுதான்.

மீன் கழுவிய தண்ணியைச் சொன்னேன். குருநகர்க் கிணற்று நீர் உவர். யாழ்ப்பாணம் சுண்ணாம்புக்கல் மேல் இருக்கும் நிலம். மழைநீர் கல்லுக்குள் இறங்கி, கீழே இருக்கும் உப்புத் தண்ணிக்கு மேல் ஒரு படலமாக நிற்கும். அள்ள அள்ள அந்தப் படலம் மெலியும், உப்பு மேலே ஏறும். கரையோரத்தில் அது சீக்கிரம் ஏறிவிடும். குடிநீர் குழாயிலோ பவுசரிலோ வரவேண்டும். கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் வடமராட்சி கிழக்கில் தாளையடியில் 2024 ஆகஸ்டில்தான் திறக்கப்பட்டது. ஆகவே இங்கே ஒரு வாளி நல்ல தண்ணி ஒரே ஒரு வேலைக்குப் பயன்பட்டு ஒழிந்துபோவதில்லை. அரிசி கழுவியது முருங்கைக்கு. மீன் கழுவியது கறிவேப்பிலைக்கு. கோப்பை கழுவியது வாழைக்கு. குளித்தது தென்னைக்கு. ஒரு வீட்டில் எத்தனை மரம் நிற்கும் என்பதை அந்த வீட்டில் எத்தனை பேர் குளிக்கிறார்கள் என்பதே தீர்மானிக்கிறது. காணியின் பரப்பு இரண்டாவது விடயம். வெளிநாட்டுக்குப் பிள்ளைகளை அனுப்பிவிட்ட வீடுகளில் தென்னை குரும்பை உதிர்ப்பதற்குப் பாசத்தைக் காரணமாகக் கூறுவோர் உளர். தண்ணிதான் காரணம்.

இனி உண்டியல். வெளிநாட்டுக் காசை இவ்வாய்வு கணக்கில் எடுக்கவில்லை; மழையைத் தோட்டக்காரர் கொப்பியில் எழுதுவதில்லை. கடலில் வரும் காசை மட்டும் பார்ப்போம். அந்தக் காசை நிர்ணயிப்பவை கடல், காற்று, என்ஜின், மண்ணெண்ணெய் என்று பலரும் எண்ணுகிறார்கள். மண்ணெண்ணெயைப் பற்றி மறுப்பில்லை. 2022 ஆகஸ்டில் ஒரே இரவில் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்கு ஏறியபோது, இருபது லீற்றர் ஊற்றிக் கடலுக்குப் போனவரின் செலவு 1,740 ரூபாவிலிருந்து 6,800 ஆனது. மீனுக்கு அந்த விலையேற்றம் தெரியாது. ஆயினும் சாதாரண ஆண்டுகளில் குருநகர் வீட்டுப் பணத்தை ஆட்டிவைக்கும் பெருஞ்சக்தி நல்லூர்க் கந்தசுவாமியார்.

இதைச் சற்று விரித்துச் சொல்லவேண்டும். குருநகர் பெரும்பாலும் கத்தோலிக்க ஊர். புனித யாகப்பர் கோவில் அதன் நடுவில் நிற்கிறது. ஆனால் மீனை வாங்கும் யாழ்ப்பாணம் பெரும்பாலும் சைவம். வெள்ளிக்கிழமை சைவர்களுக்கு மச்சம் இல்லை. அன்று பாரை மீனும் தலை குனிந்து கிடக்கும். வாரத்தில் ஒரு நாள் என்பதால் தாங்கலாம். நல்லூர்த் திருவிழா இருபத்தைந்து நாள். கொடியேறினால் சட்டி முட்டி கழுவிக் கவிழ்க்கப்படும். நண்டுக்கும் இறாலுக்கும் யாழ்ப்பாணத்தில் ஆள் இல்லை. ஆக, யாகப்பர் அடியாரின் வருமானம் முருகன் கொடி ஏற இறங்குகிறது. மதங்களுக்கிடையிலான உறவைப் பற்றி நடக்கும் மாநாடுகளில் இந்தத் தகவலை யாரும் படித்ததாகத் தெரியவில்லை.

ஆனால் அதே இருபத்தைந்து நாளும் கத்தரிக்காய், பயற்றங்காய், முருங்கைக்காய், பூசணி எல்லாம் விலை ஏறும். மச்சம் இறங்க மரக்கறி ஏறும். ஒரு பக்கம் மீன் விலை விழுந்த வீட்டில் மறுபக்கம் ரெஜிபோம் பெட்டியில் காய்க்கும் கத்தரிக்கு மதிப்புக் கூடுகிறது. பங்குச் சந்தைக்காரர் இதற்கு நீண்ட பெயரொன்று வைத்து, கட்டணமும் வாங்கிக்கொண்டு, ஒன்று விழுந்தால் மற்றது தூக்கும்படி முதலீட்டைப் பிரித்து வையுங்கள் என்று சொல்லித் தருவார்கள். இங்கே அதை மதில் ஓரத்தில் நட்டு வைத்திருக்கிறார்கள். அமைச்சரவை வெள்ளிக்கிழமையைத் தேர்ந்தெடுத்தது தற்செயலே ஆயினும், குருநகரைப் பொறுத்தவரை மச்சம் விலைபோகாத அந்த நாளே தோட்டத்துக்கு உரிய நாள் என்பதை நேர்மையாக ஒப்புக்கொள்கிறேன்.

அப்படியானால் உலை, உரம், உண்டியல் மூன்றும் சமநிலையில் இருக்கின்றனவா? இல்லை. மூன்றும் ஒன்றிடம் ஒன்று கைமாற்று வாங்கிக்கொண்டே இருக்கின்றன. அடுக்களை தண்ணியைத் தோட்டத்துக்குக் கடன் கொடுக்கிறது. தோட்டம் காயாகத் திருப்பும்போது உண்டியல் அதைத் தன் மிச்சமென்று எழுதிக்கொள்கிறது. அந்த மிச்சம் சீட்டுக்குப் போகிறது. சீட்டுக்காசு கட்டும் கிழமையில் அடுக்களை கறியைக் குறைத்துச் சொதியைக் கூட்டுகிறது. எங்கேயோ ஓரிடத்தில் எப்போதும் கடன் நிற்கும். எல்லாக் கடனும் ஒரே நாளில் தீர்ந்தால் அந்த வீட்டில் யாரோ சமைக்கவில்லை என்று பொருள்.

சீட்டின் இயக்கம் இது. பத்துப் பேர், ஆளுக்கு 5,000 என்று வைத்துக்கொள்வோம், மொத்தம் 50,000. முதற்சீட்டு, சீட்டை நடத்தும் தாச்சிக்கு, அதில் கழிவு இல்லை. அடுத்த மாதம் வலை கிழிந்தவர் ஒருவர் 8,000 ரூபாக் கழிவு சொல்லி 42,000 எடுத்தால், அந்த மாதம் ஆளுக்கு 4,200 கட்டினால் போதும். அவசரப்பட்டவரின் துன்பம் பத்துப் பேருக்கும் எண்ணூறு எண்ணூறாகப் பிரிந்து போகிறது. பத்திரம் இல்லை, பிணை இல்லை. தாச்சியின் நாக்கே பிணை. இதே வடக்கில் பத்திரமும் பிணையும் வைத்துக் கிழமைக்குக் கிழமை வசூலித்த நுண்கடன்கள் பெண்களை நெரித்த நெரியில், 2018இல் வறட்சி பாதித்த மாவட்டங்களில் ஒரு இலட்சம் ரூபாவுக்கு உட்பட்டவற்றை அரசாங்கமே தள்ளுபடி செய்ய நேர்ந்தது. தாச்சிகள் அப்போது பத்திரிகைகளில் அடிபடவில்லை.

இந்தக் கணக்கெல்லாம் கொப்பியில் இல்லை, பெண்களின் தலைக்குள் இருக்கிறது. விளையாட்டாக எழுதிக்கொண்டு வந்தாலும் அதற்கான காரணத்தை விளையாட்டாகச் சொல்ல இயலவில்லை. 1986 ஜூன் 10ஆம் திகதி தொழிலுக்குப் போன குருநகர் மீனவர் முப்பதுக்கும் மேற்பட்டோர் மண்டைதீவுக் கடலில் கொல்லப்பட்டார்கள். கணக்குத் தெரிந்தவர் கரையில் இருக்கவேண்டும் என்பது அந்த ஊருக்கு யாரும் போதிக்கவேண்டிய பாடமல்ல.

சட்டத்துக்கு வருவோம். ஒல்லாந்தத் திசாவை கிளாஸ் ஐசாக்ஸ் 1707இல் தொகுத்து, பன்னிரண்டு முதலிமார் பார்த்துச் சரியென்று சொன்ன தேசவழமை, சொத்தை முதுசொம், சீதனம், தேடிய தேட்டம் என்று பிரிக்கிறது. வேலி தாண்டிச் சாய்ந்த மரத்தின் காய் யாருக்கு என்பதைக்கூட அது விட்டுவைக்கவில்லை. கறிவேப்பிலையை மட்டும் விட்டுவிட்டது. தாய் கொடுத்த சீதனக் காணியில், மாமியார் கொண்டுவந்த கன்றை மகள் நட்டு, கணவன் பிடித்த மீனைக் கழுவிய தண்ணி ஊற்றி வளர்த்த மரம் எந்த வகுப்பில் சேரும்? மரம் நிலத்தோடு ஒட்டியது, ஆகவே சீதனம். 1911ஆம் ஆண்டுச் சட்டப்படி கணவனின் எழுத்துச் சம்மதம் இல்லாமல் அவள் அதை விற்க இயலாது. ஆனால் அதே சட்டம் முதலில் எழுதப்பட்டபடி, சீதனத்திலிருந்து மணவாழ்க்கையில் வரும் பயன் தேடிய தேட்டம். எனவே கொப்பில் இருக்கும்வரை இலை அவளுடையது; ஆய்ந்த கணத்தில் இருவருக்கும் பொது. நடைமுறையில் அது மூன்றாமவருடையது.

"எணை அக்கா, ஒரு நெட்டுக் கறிவேப்பிலை ஆயட்டே?"

"ஆய் பிள்ளை, கொப்பை முறிச்சுப்போடாதை. கொம்மாட்டைச் சொல்லு, திங்கக்கிழமை சீட்டுக்காசு எண்டு."

ஒரு நெட்டு இலைக்கு ஈடாக நினைவூட்டல் கடிதம் ஒன்று செலவில்லாமல் பட்டுவாடா ஆயிற்று. தேசவழமைக்கு உரை எழுதியோர் இந்த இடத்தைக் காணவில்லை.

ஐந்தொகை எங்கே வரையப்படுகிறது என்று கணக்கியல் அறிந்தோர் கேட்கக்கூடும். கூழ்ப்பானையில். விலைபோகாத சின்ன மீனும் கால் உடைந்த நண்டும் கடலின் மிச்சம். முருங்கையிலையும் பயற்றங்காயும் மரவள்ளியும் தோட்டத்தின் மிச்சம். ஒடியல் மா பனையின் மிச்சம். புளியும் செத்தல் மிளகாயும் மட்டும் கடையில் வாங்கியவை, அதாவது பொறுப்புகள். எல்லாவற்றையும் ஒரே பானையில் போட்டுக் காய்ச்சி, கூப்பிட்டவரும் கூப்பிடாதவரும் பிளாவில் குடித்து முடித்தபின் அடியில் ஒன்றும் மிஞ்சாவிட்டால் கணக்குச் சரி. கூழ் தடிப்பாக இருந்தால் அந்தக் கிழமை தொழில் நன்றாக இருந்தது என்று நினைப்பது பாமரர் வழக்கம். உண்மை நேர்மாறு. மீன் நன்றாக விலைபோன கிழமையில் பானைக்குள் போட மீன் மிஞ்சாது.

முடிவாக இரண்டு விண்ணப்பங்கள். அடுத்த முறை நாடு நொடிக்கும்போது வீட்டுத்தோட்டத்துக்காக லீவு அறிவிக்க நினைக்கும் அமைச்சரவைக்கு: லீவு வேண்டாம், குழாயில் காலையில் ஒரு மணித்தியாலம் நல்ல தண்ணி விட்டால் போதும், மிச்சத்தை அடுக்களை பார்த்துக்கொள்ளும். இதைப் படித்துவிட்டுக் குருநகரில் கறிவேப்பிலை கேட்கப் புறப்படும் வாசகருக்கு: பகல் பதினொரு மணிக்குப் படலையைத் தட்டாதீர்கள், வீட்டுக்காரர் நித்திரை.