இறங்கிய காரும் இறங்கும் பயணிகளும்

சாலைப் பொறியாளர்களின் விதிப்படி வேகத்தடை 10 செ.மீ. உயரம், 3.7 மீட்டர் அகலம். ராவோடு ராவாகத் தெருக்காரர்கள் சிமென்ட் குழைத்துப் போடும் மேட்டுக்கு விதியாவது ஒன்றாவது! இந்தச் சாலைகளில்தான் தம்பிமார்கள் காரைத் தரையோடு ஒட்ட இறக்குகிறார்கள்.

"அண்ணே, ரெண்டு இஞ்ச் இறக்கணும். ஆனா சொகுசு குறையக் கூடாது."

மெக்கானிக் அண்ணன் கிரைண்டரை எடுத்து ஸ்பிரிங்கில் ஒரு சுற்றை அறுத்துவிடுகிறார். சுற்று குறைந்தால் ஸ்பிரிங் விறைக்கும். ஏறி இறங்க ஷாக் அப்சார்பருக்கு இடமும் இருக்காது. அடுத்த பள்ளத்தில் 'டொம்' என்று இடி, பின்சீட்டு அம்மாவுக்கு இடுப்புப் பிடிப்பு. குட்டை ஸ்பிரிங்கையும் அதற்குத் தோதான ஷாக்கையும் ஜோடியாகப் போட்டு, வீல் அலைன்மென்ட்டும் பார்த்தால் ஓரளவு தப்பிக்கலாம். அந்தக் காசுதான் அலாய் வீலுக்குப் போய்விட்டதே.

1955-இல் வந்த சிட்ரோயன் டி.எஸ். என்ற பிரெஞ்சுக் கார், எண்ணெய்-வாயு சஸ்பென்ஷன் புண்ணியத்தில், நிறுத்தி வைத்தால் தரையோடு உட்காரும், கிளப்பினால் எழுந்துகொள்ளும். தம்பியின் கார் உட்கார்ந்தது உட்கார்ந்ததுதான். வேகத்தடை வந்தால் பயணிகள்தான் எழுந்து, இறங்கி, நடக்கிறார்கள். தம்பி காரைக் கோணலாக ஏற்ற, பின்னால் டவுன் பஸ் ஹாரனை அழுத்துகிறது.