ஆளரவமற்ற இடத்தில் ஓர் அண்டா வெந்நீர்

நேற்று ராத்திரிதான் திரும்பினோம். இன்னும் எரிச்சல் அடங்கவில்லை.

செண்பகத்தோப்புக்குப் போகிற வழியில், மாந்தோப்புக்குள் ஒரு மரவீடு. ‘ஆளரவமற்ற தனிமை, உங்களுக்கே உங்களுக்கென்று வெந்நீர்த் தொட்டி’ என்று விளம்பரம். தனிமை என்று கேட்டதும் நாம் என்ன செய்வோம்? சித்தப்பா, அத்தை, மாமா, மச்சான், மதினி என்று வரிசையாகப் போன் போடுவோம். போட்டேன். வேன் பிடித்து வந்தார்கள்.

சாம்பல் நிற மலை அணிலுக்காக 1988-ல் சரணாலயமாகி, 2021-ல் மேகமலையோடு சேர்ந்து புலிகள் காப்பகமும் ஆன காடு அது.  சரி, தொட்டிக்கு வருவோம்.

விருதுநகர் மாவட்டத்தில், சித்திரை மாசத்தில், மனுசனை வெந்நீரில் உட்காரவைக்க யாருக்கய்யா தோன்றியது? எங்கள் வீட்டு மொட்டைமாடி சின்டெக்ஸில் மத்தியானம் குழாயைத் திறந்தால் அப்படியே காபி கலக்கலாம். அதற்கு யாரும் வாடகை வாங்குவதில்லை. இங்கே தனிக் கட்டணம்!

மின்வாரியத்தில் ஓய்வுபெற்ற மாமா, தொட்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்து கணக்குப் போட்டார். ஆயிரம் லிட்டர் போர்த் தண்ணீர் 28 டிகிரியிலிருந்து 40-க்கு ஏற 14 யூனிட். ஹீட்டரோ மூன்று கிலோவாட். அதாவது கிட்டத்தட்ட ஐந்து மணி நேரம்.

“வீட்டுக்கு ரெண்டு மாசத்துக்கு நூறு யூனிட்டுதான் சும்மா தர்றான். அதுல ஏழுல ஒரு பங்கு நீ குளிக்கவா மாப்ளே?”

அந்த ஐந்து மணி நேரமும் தொட்டிக்குக் காவல் இருந்தோம். பொழுது சாய்ந்த பிறகு வனத்துறைச் சோதனைச்சாவடியில் போய் நின்றால் காட்டழகர் கோயிலுக்கு விடுவார்களா? அத்தை அதற்கும் என்னைத்தான் பார்த்தாள்.

ஒருவழியாகச் சூடேறியது. சித்தப்பா உள்ளே இறங்க மறுத்துவிட்டார். “நாலு பேர் ஊறுன தண்ணியில நான் ஊறணுமா?” என்று கைலியோடு வெளியே நின்று, சொம்பால் மொண்டு மொண்டு தலையில் ஊற்றிக்கொண்டார். அத்தை நொச்சி இலை இருக்கிறதா என்று காவலாளித் தம்பியைத் தோப்புக்குள் விரட்டினாள். மச்சான் ஏதோ பொத்தானை அமுக்க, தண்ணீர் உலைப்பானை மாதிரி குமுறியது. “அரிசியப் போட்டுரலாமா?” என்றாள் மதினி. மாமா மட்டும் மீட்டர் பெட்டியைவிட்டு நகரவேயில்லை.

இந்தத் தொட்டிக்கு ஊரெல்லாம் ஜக்கூஸி என்று பெயர். அது இத்தாலியிலிருந்து கலிபோர்னியா போன அண்ணன் தம்பிகளின் குடும்பப் பெயர். அவர்கள் விற்றுக்கொண்டிருந்தது கிணற்று பம்பு! வீட்டுப் பிள்ளை ஒருவனுக்கு மூட்டுவாதம். அவனுக்காகச் செய்ததுதான் குளிக்கிற தொட்டிக்குள் தண்ணீரைச் சுழற்றிவிடும் பம்பு. 1956-ல் அதையே கடைக்குக் கொண்டுவந்தார்கள். ஆக, பம்புசெட்டுக்காரன் சரக்கைத்தான், பம்புசெட்டுக்கு நடுவிலேயே பிறந்து வளர்ந்த எனக்கு, ஜிஎஸ்டி போட்டு விற்றிருக்கிறார்கள். இதை அத்தையிடம் விளக்கினேன். “அப்ப மூட்டுவலிக்கு நல்லதுதான்” என்று இன்னும் கொஞ்சம் அமிழ்ந்து உட்கார்ந்தாள்.

மறுநாள் காலையில் பக்கத்துத் தென்னந்தோப்பில் மோட்டார் ஓடுகிற சத்தம். கேட்டதுதான் தாமதம், சித்தப்பா முன்னே, நாங்கள் பின்னே. பம்புசெட் தொட்டியில் தண்ணீர் பனியாய்க் கொட்டியது. தோப்புக்காரர் எங்கள் துண்டுகளில் இருந்த விடுதிப் பெயரை நிதானமாகப் படித்தார்.

“குளிங்க, குளிங்க. சோப்பு மட்டும் போட்டுராதீக. தண்ணி தென்னைக்குப் போகுது.”