அலமாரியில் பிறழ் சாட்சிகள்

நாகமலை புதுக்கோட்டையில் கண்ணை மூடிக்கொண்டு ஒரு கல்லை எறிந்தால் அது ஏதாவது ஒரு முனைவர் பட்டத்தின் மேல்தான் விழும். 1966இல் மதுரைப் பல்கலைக்கழகம் வந்ததிலிருந்து தேனி ரோட்டுக்கு இரு பக்கமும் பேராசிரியர்கள் இடம் வாங்கி, வீடு கட்டி, ஓய்வும் பெற்று, இப்போது காலையில் மலையைப் பார்த்து நடக்கிறார்கள். அந்த நேரத்தில் வாயும் வயிறுமாக ஒருத்தி எதிரே வந்தால் சும்மா விடுவார்களா? தாவரவியல்காரர் முருங்கைக்கீரையில் ஆரம்பிப்பார். பொருளாதாரக்காரர் இரண்டாவது பிள்ளைக்கு என்ன திட்டம் என்பார். வரலாற்றுக்காரர் மட்டும் சிரித்துவிட்டுப் போய்விடுவார்; நடந்து முடிந்த விஷயங்களைப் பற்றித்தான் அவருக்குப் பேச்சு வரும்.

"இத்தனை பேர் ஓசியில சொல்லும்போது காசு குடுத்து புக்கு எதுக்கு?" என்றார் என் வீட்டுக்காரர்.

அவருக்கு விஷயம் பிடிபடவில்லை. குழந்தை வளர்ப்புப் புத்தகத்தைக் குழந்தை வளர்ப்பதற்காக எவளும் வாங்குவதில்லை. பிள்ளை பிறந்த அன்றிலிருந்து வீட்டில் வரிசையாக வழக்குகள் நடக்கப்போகின்றன. எதிர்த்தரப்புக்கு வயது இருக்கிறது, அனுபவம் இருக்கிறது, பெற்று ஆளாக்கிய அத்தாட்சியாக நாங்களே நிற்கிறோம். என் தரப்பில் யார்? அச்சில் வந்த ஒரு சாட்சி வேண்டும். "நான் சொல்லலை அத்தை, புக்குல போட்டிருக்கு" என்று பணிவாகச் சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொள்ள வேண்டும். அதற்குத்தான் புத்தகம்.

வழக்குப் பட்டியல் இப்போதே தயார். முதல் வழக்கு, சேனை. பிறந்ததும் பிள்ளையின் நாக்கில் சீனித்தண்ணியோ தேனோ தொட்டு வைப்பார்கள். வைக்கிறவர் குணம் பிள்ளைக்கு வரும் என்பது நம்பிக்கை. எங்கள் அத்தை தன் அண்ணனை முன்மொழிகிறார். தாலுகா ஆபீசில் பத்துப் பைசா கொடுக்காமல் பட்டா வாங்கிய மனிதர். என் அம்மா உசிலம்பட்டியிலிருந்து தன் தம்பியை நிறுத்துகிறார். யாரிடமும் அதிர்ந்து பேசாதவர், சொல்லப்போனால் பேசவே பேசாதவர். இரு தரப்பும் தீவிரப் பிரசாரத்தில் இருக்கின்றன. உலக சுகாதார நிறுவனமோ முதல் ஆறு மாதம் தாய்ப்பால் தவிர வேறொன்றும் வேண்டாம், தண்ணீர்கூட வேண்டாம் என்கிறது. தேனை ஒரு வயது வரை கண்ணில் காட்டவே கூடாது என்கிறார்கள் டாக்டர்கள். அதில் இருக்கக்கூடிய ஒரு கிருமி பச்சைப்பிள்ளையின் குடலுக்குள் பெருகி, கைகால் துவண்டுபோகும் அளவுக்கு நஞ்சை உண்டாக்கிவிடலாம். ஆக, இரண்டு மாமன்களும் டெபாசிட் இழக்க வேண்டியவர்கள். ஆனால் இதை நான் வாயால் சொன்னால், "நாலெழுத்து படிச்சிட்டா" என்று தீர்ப்பாகி, வழக்கு அன்றே முடிந்துவிடும்.

இரண்டாவது, உரைமருந்து. வசம்பும் மாசிக்காயும் ஜாதிக்காயும் இழைப்பதற்கான கல் ஏற்கெனவே பரணிலிருந்து இறங்கிவிட்டது. மூன்றாவது, குளிப்பாட்டும்போது மூக்கை நீவி நீவி எடுப்பாக்குவது. இதில் எங்கள் அப்பத்தா கைதேர்ந்தவர். எங்கள் குடும்பத்து மூக்குகளை நேரில் பார்த்தவர்கள் அந்த முறையின் பலனைப் பற்றித் தாங்களே ஒரு முடிவுக்கு வரலாம். நான்காவது, போனைக் காட்டிச் சோறு ஊட்டுவது. இரண்டு வயதுவரை திரையே வேண்டாம் என்பது இந்தியக் குழந்தை மருத்துவர்கள் சங்கத்தின் நிலை. இந்த வழக்கில் மட்டும் எதிரி பெரியவர்கள் இல்லை. என் வீட்டுக்காரர்தான், அவரே போன் இல்லாமல் சாப்பிடுவதில்லை.

போதாக்குறைக்கு எல்லைச் சிக்கல் வேறு. தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்பதால் விசாரணை உசிலம்பட்டியில் தொடங்கும்; அப்புறம் மேல்முறையீட்டுக்கு நாகமலை புதுக்கோட்டை வரும். சாட்சி, பஸ்ஸில் தூக்கிக்கொண்டு போகிற எடையில் இருந்தாக வேண்டும்.

வளைகாப்பு வளையல் பார்க்கப் போன இடத்தில் தேடல் ஆரம்பித்தது. புதுமண்டபத்துக் கடைகள் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறினாலும் கூட்டத்துக்குக் குறைவில்லை. பஞ்சாங்கத்துக்கும் கோலப் புத்தகத்துக்கும் நடுவில் ஒரு பெயர்ப் புத்தகம் கிடைத்தது. ஆயிரக்கணக்கான பெயர்கள். பிள்ளைக்குத் தேவை ஒன்று. மிச்சத்தை வைத்து ஒரு தாலுகாவுக்கே பெயர் சூட்டலாம். அதோடு, அது சாட்சி ஆகாது. அது புது வழக்குக் கொண்டுவரும்.

இணையத்தில் ஒன்றுக்கு ஆர்டர் போட்டேன். முகவரியில் நாகமலையை விட்டுவிட்டுப் புதுக்கோட்டையை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொண்ட கூரியர்காரர்கள், நூறு கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும் மாவட்டத் தலைநகருக்கு அதை அனுப்பிவைத்தார்கள். மசக்கையைச் சமாளிப்பது எப்படி என்ற அந்தப் புத்தகம் என் கைக்கு வந்து சேர்ந்தபோது, மசக்கை போய், உள்ளே இருப்பவர் உதைக்கவே ஆரம்பித்துவிட்டார்.

தமுக்கம் புத்தகத் திருவிழாவில் குழந்தை வளர்ப்புக்கென்று தனி வரிசையே உண்டு. அட்டையில் நீலக்கண் பிள்ளை. உள்ளே திறந்தால், பிள்ளையைத் தனி அறையில் தனித் தொட்டிலில் போட்டு, கம்பளிக் காலுறை மாட்டி, விளக்கை அணைத்துவிட்டு வெளியே வரச் சொல்கிறார்கள். எங்கள் வீட்டில் இருப்பது இரண்டு அறை. ஒன்றில் அத்தை, இன்னொன்றில் நாங்கள். தனி அறை வேண்டுமென்றால் மோட்டார் ரூம்தான் இருக்கிறது. மே மாதத்து மதுரையில் கம்பளிக் காலுறை போட்டால் குழந்தைகள் நலத்துறை வந்து நம்மை விசாரிக்கும்.

அதன் பிறகு புத்தி வந்து, காசு கொடுக்கும் முன் சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்துவிடுவது என்று முடிவெடுத்தேன். அதற்குத் தோதான இடம் நத்தம் ரோட்டில், 2023 ஜூலை 15 அன்று திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகம். ஏசி உண்டு, உட்கார நல்ல நாற்காலி உண்டு, யாரும் முருங்கைக்கீரை பற்றிப் பேசுவதில்லை. ஒரே தொந்தரவு, எந்தப் புத்தகமானாலும் மூன்றாவது அத்தியாயத்தில் எனக்குக் கண் சொக்கிவிடும். சக்கர வியூகக் கதையைக் கேட்டுக்கொண்டிருந்த சுபத்திரை பாதியில் தூங்கியதால்தான் அபிமன்யுவுக்கு உள்ளே போக மட்டும் தெரிந்தது, வெளியே வரத் தெரியவில்லை என்பார்கள். அந்தக் கணக்கில் என் பிள்ளை எல்லாப் புத்தகத்துக்கும் முன்னுரை மட்டும் அறிந்தவனாகவோ அறிந்தவளாகவோ பிறக்கும். நம் ஊரில் மேடைப் பேச்சுக்கு அது போதும்.

என் தேடலைக் கேள்விப்பட்ட மேல்வீட்டு உளவியல் பேராசிரியர், தன் அலமாரியிலிருந்து பழைய சாட்சிகளை ஒவ்வொருவராகக் கூண்டில் ஏற்றினார். 1928இல் அமெரிக்காவில் ஜான் வாட்சன் என்ற பெரிய உளவியலாளர் ஒரு புத்தகம் எழுதினார். பிள்ளையைக் கட்டி அணைக்காதீர்கள், முத்தம் கொடுக்காதீர்கள், மடியில் உட்கார வைக்காதீர்கள், காலையில் எழுந்ததும் கை குலுக்குங்கள், போதும் என்பது அவர் வழி. அப்பத்தாவிடம் சொன்னேன். "ஏத்தா, அது பிள்ளையா, கலெக்டரா?" என்றார்.

அடுத்து நியூசிலாந்து டாக்டர் ட்ரூபி கிங். 1907இல் தாய்சேய் நலத்துக்கென்றே பிளங்கெட் சங்கத்தைத் தொடங்கியவர். அங்கே சிசு மரணம் குறைந்ததில் அவருக்குப் பங்குண்டு என்பார்கள். ஆனால் பால் கொடுப்பது நாலு மணி நேரத்துக்கு ஒருமுறை, கடிகாரம் பார்த்து, ராத்திரியில் கிடையாது. இந்தச் சாட்சியைக் கேட்டு என் வீட்டுக்காரர் முகத்தில் ஒரு மலர்ச்சி தெரிந்தது. இப்போதைய மருத்துவமோ பிள்ளை கேட்கும்போதெல்லாம் கொடு, ராத்திரியும் கொடு என்கிறது. மலர்ச்சி வாடியது.

மூன்றாவது ஆள் பெஞ்சமின் ஸ்பாக். 1924 ஒலிம்பிக்கில் படகுப் போட்டியில் தங்கம் வாங்கிவிட்டுக் குழந்தை மருத்துவத்துக்கு வந்தவர். 1946இல் இவர் எழுதிய புத்தகம் உலகம் முழுக்கக் கோடிக்கணக்கில் விற்றது. தாய்க்குத் தைரியம் சொல்லி, தாராளமாகக் கொஞ்சச் சொன்ன நல்ல மனிதர். அவர்கூட 1950களில் வந்த பதிப்பில் பிள்ளையைக் குப்புறப் படுக்கப்போடச் சொன்னார். பின்னால் ஆய்வுகள், தூக்கத்திலேயே பிள்ளை இறந்துபோகும் ஆபத்து குப்புறப் போடுவதால் கூடுகிறது என்று காட்டின. 1990களில் நாடுநாடாக, மல்லாக்கப் போடுங்கள் என்று பிரசாரம் செய்து திருத்த வேண்டியிருந்தது. இவ்வளவு நம்பகமான சாட்சியே பிறழ்ந்தால் மற்றவர்களை எந்த நம்பிக்கையில் கூண்டில் ஏற்றுவது?

எங்கள் அப்பத்தா ஒரு பக்கமும் படிக்காமல் மல்லாக்கத்தான் போட்டிருக்கிறார். பிள்ளை தானாகக் குப்புற விழும் நாளுக்குக் கொழுக்கட்டை, பல் முளைத்தால் பல்லுக் கொழுக்கட்டை. வளர்ச்சி அட்டவணையை மாவில் பிடித்து ஆவியில் வேகவைத்துத் தின்றுவிடும் ஊர் இது. ஆனால் அதே அப்பத்தாதான் மூக்கும் நீவினார் என்பதை நீதிமன்றம் மறந்துவிடக் கூடாது.

அட்டவணை என்றதும், தெருமுனைத் தமிழ்ப் பேராசிரியருக்குப் பொறுக்கவில்லை. "மதுரைக்காரி எதுக்கும்மா அமெரிக்கா போறே? நம்ம ஊர்லயே இருக்கே" என்று மீனாட்சியம்மை பிள்ளைத்தமிழைக் கொண்டுவந்து கொடுத்தார். திருமலை நாயக்கர் காலத்தில், பதினேழாம் நூற்றாண்டில் குமரகுருபரர் பாடியது. கேட்க மீனாட்சியே சிறுமியாக வந்து, நாயக்கர் மடியில் உட்கார்ந்து, அவர் கழுத்து முத்துமாலையைக் கழற்றிப் புலவருக்குப் போட்டாள் என்று கதை. நான் அதைப் படித்த விதம் வேறு. ஐந்தாம் மாதம் கையூன்றித் தலைநிமிர்த்தி ஆடினால் செங்கீரை, ஒன்பதாம் மாதம் கை கொட்டினால் சப்பாணி, ஒரு வயதை ஒட்டித் தளிர்நடை நடந்தால் வருகை. இன்றைக்குக் குழந்தை மருத்துவர் மேசைக் கண்ணாடிக்கு அடியில் இருக்கும் அட்டவணைக்கும் இதற்கும் கிட்டத்தட்ட ஒத்துப்போகிறது. இதில் இன்னொரு விசேஷம், இப்படி மாதவாரியாகப் பாடிய குமரகுருபரர் ஐந்து வயதுவரை ஒரு வார்த்தை பேசவில்லையாம். திருச்செந்தூர் முருகன் அருளால்தான் வாய் திறந்தார் என்பது மரபு. இந்தக் காலத்து வாட்ஸப் தாய்மார்கள் குழுவில் அவர் அம்மா இருந்திருந்தால் தாங்கியிருக்க முடியாது.

இத்தனைக்கும் நடுவில் யாரும் ஆட்சேபிக்காத ஒரு சாட்சி என் கைப்பையிலேயே இருந்தது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் நர்ஸம்மா கொடுத்த தாய்சேய் நல அட்டை. இலவசம். பிறந்ததும் பி.சி.ஜி., போலியோ சொட்டு. பிறகு ஆறு, பத்து, பதினாலாவது வாரங்கள். ஒன்பது மாதம் முடிந்தால் தட்டம்மை, ரூபெல்லா. எந்த அறிகுறி கண்டால் உடனே ஓடிவர வேண்டும் என்று படம் போட்டிருக்கும். வாட்சனுக்கும் ஸ்பாக்குக்கும் மசியாத அப்பத்தா, அட்டையில் நர்ஸம்மா பேனாவால் எழுதிய தேதிக்கு மட்டும் மறுபேச்சுப் பேசமாட்டார். "கவர்மெண்டு எழுதிருக்குல்ல."

இந்த அனுபவத்தில் எனக்குச் சில விதிகள் கிடைத்தன. புத்தகம் எழுதியவர் மறுபதிப்பில் தன் கருத்தை மாற்றியிருந்தால், அதை மறைக்காமல் சொல்லியிருக்க வேண்டும். பிள்ளை ஒரு மாதம் பிந்தி நடந்தால் குடி முழுகாது என்று ஒரு வரி இருக்க வேண்டும். எதற்குப் பொறுக்கக் கூடாது, உடனே டாக்டரிடம் போக வேண்டும் என்று இன்னொரு வரியும் இருக்க வேண்டும். முக்கியமாக, அப்பா எந்தப் பக்கத்தில் வருகிறார் என்று பார்க்க வேண்டும். பல புத்தகங்களில் அவர் அட்டைப்படத்தோடு சரி.

இந்த விதிகளுக்குத் தப்பிய ஒரே ஒரு ஒல்லிப் புத்தகத்தை, தமிழில் ஒரு குழந்தை மருத்துவர் எழுதியதை, வாங்கி வந்தேன். மறுநாளே அது காணாமல் போனது. எங்கள் அத்தை ஓய்வுபெற்ற தலைமையாசிரியை. புத்தகத்துக்குப் பழுப்புத்தாள் அட்டை போட்டு, லேபிள் ஒட்டி, சிவப்புப் பேனாவோடு உட்கார்ந்து முதல் பக்கத்திலிருந்து படித்தார். சந்திப்பிழைகளைத் திருத்தினார். சேனைப் பகுதிக்கு வந்ததும் நீளமாக ஒரு கோடு போட்டார். அன்று சாயங்காலம் தன் அண்ணனின் வேட்புமனுவை அவரே வாபஸ் வாங்கினார். நான் வாயே திறக்கவில்லை.

ஆனால் என் வழக்கில் ஜெயித்த கையோடு இன்னொரு வழக்கை அவர் எடுத்துக்கொண்டார். 'தந்தையின் கடமைகள்' என்ற அத்தியாயம் முழுக்கச் சிவப்பு. மகனைக் கூப்பிட்டு, போனை வாங்கி ஃப்ரிட்ஜ் மேல் வைத்துவிட்டு, புத்தகத்தைக் கையில் கொடுத்தார். வரும் ஞாயிற்றுக்கிழமை தேர்வு. பாடப்பகுதி: துணி மாற்றுதல், ஏப்பம் விடவைத்தல், ராத்திரி இரண்டு மணிக்கு முகம் சுளிக்காமல் எழுந்திருத்தல். செய்முறைத் தேர்வு உண்டு; தலையணையை வைத்துக்கொள்ளலாம். துணைத்தேர்வு கிடையாது. பெயிலானால், அத்தை அறிவித்துவிட்டார், உசிலம்பட்டியில் அவரை உள்ளே விடமாட்டார்களாம்.