காத்து எவ்வளவுண்ணே?

பைக்கில் காற்று சரியாக இருக்கிறதா என்று பார்க்க முதலில் வேண்டியது வலது கால். பின் டயரை ஓர் உதை விடவும். கால் வலித்தால் காற்று இருக்கிறது. வலிக்காவிட்டாலும் இருக்கிறது, செருப்பு கெட்டி.

அடுத்தது எடை. காலையில் தனியாகப் போகிறீர்கள். மாலையில் டேங்க் மேல் சின்னவன், நடுவில் பெரியவள், பின்னால் மனைவி, அவர் மடியில் மளிகைப் பை. பின்னால் ஒருவர்தான் என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 128-வது பிரிவு. பிள்ளைகளை நாம் என்றைக்கு ஆளாக எண்ணினோம்? டயர் எண்ணும். அதன் பக்கவாட்டில் 52பி என்று இருந்தால், அந்த 52-க்கு 200 கிலோ என்று பொருள். அதுவும் காற்று முழுசாக இருந்தால். இல்லாவிட்டால் பக்கச்சுவர் ஒவ்வொரு சுற்றுக்கும் மடங்கி நிமிர்ந்து சூடேறும், வளைவில் வண்டி மிதக்கும். அப்போது மெக்கானிக்கைத் திட்டவும்.

பங்கில் காற்று இலவசமாகத் தந்தே ஆகவேண்டும். மிஷின் அடிக்கடி படுத்துக்கொள்வதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று நம்புவோம். "காத்து எவ்வளவுண்ணே?" என்று கேட்டால் தடுமாறாமல் "பாத்து வைப்பா" என்று சொல்லவும். அவர் பார்க்காமல் 35 வைப்பார். ஸ்பிளெண்டருக்கும் 35, எக்ஸ்எல்லுக்கும் 35, முன்னுக்கும் 35, பின்னுக்கும் 35. தனியாளாக அதில் ஓட்டினால் டயர் நடுவில் மட்டும் தேயும். ஒவ்வொரு வேகத்தடையும் முதுகெலும்பை நலம் விசாரிக்கும்.

சில மீட்டர்கள் கிலோ கணக்கில் காட்டும். ஒரு கிலோ என்றால் 14.2 பிஎஸ்ஐ. வீட்டு சிலிண்டரில் இருக்கும் கேஸும் 14.2 கிலோ. இரண்டுக்கும் உறவில்லை, ஆனால் சிலிண்டரைக் காலுக்கு நடுவே வைத்து ஓட்டுகிறவர்களுக்கு மறக்காது.

பத்து கிலோமீட்டர் வெயிலில் ஓட்டி வந்து பார்த்தால் இரண்டு மூன்று பாயிண்ட் கூடுதலாகக் காட்டும். உடனே இறக்கிவிடுவது மரபு. டயர் ஆறியதும் அந்தக் காற்று குறைந்துதான் கிடக்கும்.

இவ்வளவு கலையும் வேண்டாம் என்கிற சோம்பேறிகளுக்கு ஒரு குறுக்குவழி உண்டு. பல 100, 150 சிசி வண்டிகளில் முன்னே 25, பின்னே 28. ஆள் ஏறினால் பின்னே மட்டும் 32, சிலவற்றில் இன்னும் அதிகம். உங்கள் வண்டிக்கான எண் பெரும்பாலும் செயின் கவரில் ஸ்டிக்கராக ஒட்டியிருக்கும். போன ஆயுத பூஜைக்குச் சந்தனம் அப்பினீர்களே, அதற்கு அடியில். சுரண்டிப் பாருங்கள்.