ஆட்டுக்கல்லும் பீரங்கி வண்டியும்

கோயமுத்தூர் கிரைண்டருக்கும் ராணுவ டாங்கிக்கும் என்ன உறவு என்று கேட்டால் பள்ளிக்கூடத்துப் பிள்ளை சிரிக்கும். ஜிஎஸ்டி கவுன்சில் சிரிக்காது. 2017 நவம்பரில் குவாஹாத்தியில் அது கூடியபோது, 28 சதவீதத்திலிருந்து 12 சதவீதத்துக்கு இறக்கிய பட்டியலில் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன: கல் வைத்து மாவாட்டும் வெட் கிரைண்டர், டாங்கிகள் மற்றும் இதர கவசப் போர் வாகனங்கள். எல்லையில் நிற்பவனுக்கும் உளுந்து ஊறப்போட்டவளுக்கும் ஒரே நாளில் விடுதலை. அதற்கு முந்தைய நாலு மாதமும் சிகரெட், பான் மசாலா, சொகுசுக் கார் உட்கார்ந்த அதே 28 சதவீதப் பந்தியில்தான் கிரைண்டருக்கும் இலை போட்டிருந்தார்கள். இட்லி அவ்வளவு பெரிய கெட்ட பழக்கம் என்பது நமக்குத்தான் தெரியாமல் போயிற்று.

கதை அதோடு முடியவில்லை. 2019 செப்டம்பரில் கோவாவில் கூடி, கிரைண்டரை 5 சதவீதத்துக்கு இறக்கினார்கள். அன்றைக்கே உலர்ந்த புளிக்கு வரியே இல்லை என்றும் அறிவித்தார்கள். இட்லிக்கும் சாம்பாருக்கும் ஒரே முகூர்த்தம் என்று நாம் சந்தோஷப்பட்டு மூன்று வருஷம் ஆகவில்லை. 2022 ஜூலையில் கிரைண்டர் 18 சதவீதம். பக்கத்தில் துணைக்கு இருக்கட்டும் என்று தண்ணீர் இறைக்கும் பம்ப்செட்டையும் 12-லிருந்து 18-க்கு ஏற்றி வைத்தார்கள். ஐந்தே வருஷத்தில் 28, 12, 5, 18. ஆவாரம்பாளையத்தில் செய்கிற எந்தக் கிரைண்டரும் இந்த வேகத்தில் சுற்றியதில்லை.

இதையெல்லாம் செய்துவிட்டு அவினாசி சாலையில் ஏசி போட்ட மண்டபத்தில் நமக்கு வகுப்பெடுக்கிறார்கள். தொழில்நுட்பம் முன்னேறுகிறதாம், சந்தையில் தேவை எழுகிறதாம், இரண்டும் கைகோத்துத் தொழிலை வளர்க்கின்றனவாம். கேட்டுக்கொண்டிருக்கிற பட்டறைக்காரர் தலையாட்டுகிறார். மத்தியானச் சாப்பாடு உண்டல்லவா.

தொழில்நுட்பம் இந்த ஊருக்கு எப்படி வந்தது என்று நாமும் கொஞ்சம் சொல்லலாம். 1930-களின் தொடக்கத்தில் பைக்காரா மின்சாரம் மலையிறங்கி வந்தது. பருத்தி விளைகிற சீமையில் மில்லுக்குப் பக்கத்தில் மில்லாக முளைத்தது. மில் இயந்திரம் பழுதானால் சீமையிலிருந்து உதிரி பாகம் வரும்வரை காத்திருக்க முடியாமல் பட்டறைகள் வந்தன. 1937-ல் ஜி.டி. நாயுடுவும் பாலசுந்தரம் நாயுடுவும் மின் மோட்டாரை இங்கேயே செய்தார்கள். 1955-ல் சபாபதி என்பவர் அந்த மோட்டாரையும் பாட்டி காலத்து ஆட்டுக்கல்லையும் முடிச்சுப் போட்டார். தமிழ்நாட்டுப் பெண்களின் தோள்பட்டை வலி ஒரு சந்தை என்று எந்த ஆலோசனை நிறுவனமும் அவருக்கு அறிக்கை கொடுக்கவில்லை. வீட்டில் இரண்டு கண்ணும் ஒரு காதும் இருந்தால் போதுமான ஆராய்ச்சி அது.

சந்தைத் தேவை என்பது எப்போதும் அவ்வளவு புனிதமானது என்றும் நினைக்க வேண்டாம். நம் பம்ப்செட்டின் கதையைப் பாருங்கள். கிணற்றில் தண்ணீர் எட்டுகிற தூரத்தில் இருந்தவரை சாதாரண மோனோபிளாக். கிணறு வற்றிப் போர் போட்டதும் ஜெட், கம்ப்ரசர். போர் இன்னும் ஆழம் போனதும் சப்மெர்சிபிள், அதில் இத்தனை ஸ்டேஜ், அத்தனை ஸ்டேஜ். நிலத்தடி நீர் இறங்க இறங்க நம் தொழில்நுட்பம் ஏறியது. பல்லடத்திலும் அவினாசியிலும் விவசாயி பாதாளத்தைப் பார்த்துக் கொண்டிருந்தபோது நாம் விற்பனை வரைபடத்தைப் பார்த்துக் கொண்டிருந்தோம். தண்ணீர் மட்டும் மேலேயே நின்றிருந்தால் இந்த ஊரில் எத்தனை பேருக்கு நஷ்டம்! திருப்பூரில் இன்னும் விசேஷம். உலகத்துக்கு வேண்டிய வண்ணத்திலெல்லாம் பனியன் போட்டுக் கொடுத்தோம். மிச்ச வண்ணம் நொய்யல் ஆற்றில் ஓடியது. அதன் குறுக்கே பாசனத்துக்கென்று கட்டிய ஒரத்துப்பாளையம் அணையைத் திறந்துவிடாதீர்கள் என்று விவசாயி கெஞ்ச வேண்டியிருந்தது. 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி உயர் நீதிமன்றம் உத்தரவிட்ட பிறகுதான், அழுக்குத் தண்ணீரைச் சுத்தம் செய்வதும் ஒரு தொழில்நுட்பம் என்பது பலருக்கு ஞாபகம் வந்தது.

சரி, கிரைண்டருக்கே திரும்புவோம். 2011-ல் அதற்கு ஒரு மகா சந்தை பிறந்தது. மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறி மூன்றும் இலவசம், 1.8 கோடிக்கு மேற்பட்ட குடும்பங்கள். இப்படியொரு கிராக்கியை எந்தப் பொருளாதாரப் பாடப் புத்தகமும் கண்டதில்லை. டெண்டர் வந்தது, ஷெட்டை நீட்டினார்கள், கடன் வாங்கினார்கள், ஆள் பிடித்தார்கள். ஊத்துக்குளிக் கல்லுக்கு யோகம். கிரைண்டரின் மேல் முதலமைச்சர் படம். கல் சுற்றியதோ இல்லையோ, படம் எல்லா வீட்டிலும் சுற்றியது. ஆனால் இலவசமாக ஒன்று வந்து அடுப்படியில் உட்கார்ந்த வீட்டுக்காரி கடைக்குப் போய் இன்னொன்று ஏன் வாங்குவாள்? அடுத்த பத்து வருஷத்துக்கு வர வேண்டிய வாடிக்கையாளர் அத்தனை பேரையும் ஒரே வீச்சில் தீர்த்துவிட்டு அரசாங்கம் கையைக் கழுவியது. நீட்டிய ஷெட் நீண்டபடியே நின்றது. அதற்குள் இட்லி மாவு பாக்கெட்டில் வந்துவிட்டது. கல் வாங்காமலே மாவு. இதுவும் தொழில்நுட்பம், இதுவும் சந்தைத் தேவை. குறை சொல்ல முடியுமா?

பட்டறைக்காரரைக் கேட்டால் இதிலெல்லாம் கூட அவருக்குப் பெரிய கோபம் இல்லை. 'ஆர்டர் வரும், போகுமுங்க. அது தொழிலுங்க' என்பார். அவர் வயிறு எரிவது வேறு இடத்தில். சிறு நிறுவனத்திடம் சரக்கு வாங்கினால் அதிகபட்சம் 45 நாளில் பணம் கொடுக்க வேண்டும் என்று 2006-லேயே சட்டம் இருக்கிறது. பெரிய கம்பெனியின் நாட்காட்டியில் 45-க்குப் பிறகு 90 வருகிறது, சில சமயம் 120. கேஸ் போடலாமே என்பீர்கள். போடலாம், தீர்ப்பும் வரும், மறுநாள் ஆர்டர் வராது. இது போதாதென்று 2022 செப்டம்பரில் மின்கட்டணம் ஏறியபோது நிலைக் கட்டணம் பல மடங்காயிற்று. மெஷின் ஓடினால் யூனிட்டுக்குக் காசு, ஓடாவிட்டால் ஓடாததற்குக் காசு. கூடவே 'பீக் அவர்' என்று ஒன்று. வேலை இருக்கும்போது வேலை செய்ததற்கான அபராதம் அது.

இதைச் சொல்லப் போனவர்களுக்கு நடந்ததையும் பார்த்தோம். 2024 செப்டம்பரில் நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் முன்னால் கோவை ஓட்டல்காரர் ஒருவர் பன்னைப் பற்றிப் பேசினார். அப்போது பன்னுக்கு வரி இல்லை, உள்ளே க்ரீம் வைத்தால் 18 சதவீதம். க்ரீமைத் தனியாகக் கொடுங்கள், நாங்களே வைத்துக்கொள்கிறோம் என்று வாடிக்கையாளர் கேட்கிறார் என்றார். அரங்கமே சிரித்தது. ஓரிரு நாளில், அவர் அமைச்சரிடம் மன்னிப்புக் கேட்கிற வீடியோ ஊரெல்லாம் சுற்றியது. அதற்கப்புறம் கூட்டங்களில் நம் ஆட்கள் வாயைத் திறப்பது பன் தின்பதற்கு மட்டும்தான்.

வாய் மூடியதற்குப் பரிசும் கிடைத்தது. 2025 செப்டம்பர் 22 முதல் வரிக் குறைப்புத் திருவிழா. ஷாம்புவும் பற்பசையும் 5 சதவீதமாயின. லேத்துப் பட்டறைகளின் ஜாப் ஒர்க்கை, அதாவது கூலி வேலையை, 5 சதவீதமாக்குங்கள் என்று வருஷக்கணக்கில் மனுக் கொடுத்து வந்தவர்களுக்கு 12 சதவீதம் 18 ஆயிற்று. நாடே தலைக்கு ஷாம்பு போட்டுக் குளித்தது. பட்டறைகள் இருக்கிற கணபதிக்கும் குறிச்சிக்கும் எண்ணெய்க் குளியல்.

அடுத்த மாதமே அவினாசி சாலையில் 10.1 கிலோமீட்டர் மேம்பாலம் திறந்தார்கள். 1,791 கோடி ரூபாய். பெயர் ஜி.டி. நாயுடு. மோட்டார் செய்தவரின் பெயர் மேலே, மோட்டார் செய்கிறவர்கள் கீழே. இனி இந்தப் பக்கம் பட்டறைகள் இருப்பதே தெரியாமல் விமான நிலையத்திலிருந்து நேராக மண்டபத்துக்குப் போய் விடலாம். அங்கே இப்போது நாலாவது தொழிற்புரட்சியும் செயற்கை நுண்ணறிவும் பேசுகிறார்கள். மூன்றாவது புரட்சிக்கு வாங்கிய சிஎன்சி மெஷினின் தவணையே இங்கு இன்னும் முடியவில்லை.

போன மாதம் சின்னவேடம்பட்டியில் தெரிந்தவர் ஒருவர் இரண்டு லேத்தைப் பழைய இரும்புக்குக் கொடுத்தார். அப்பா காலத்து மெஷின்கள். கிரேன் வைத்துத் தூக்கி எடை போட்டார்கள். அவர் கொஞ்சம் தள்ளி, சுவரைப் பார்த்தபடி நின்றார். எடைக்காரர் சீட்டில் எழுதிக்கொண்டே கேட்டார்: 'பில்லு போட்டறலாங்களா அண்ணா? இதுக்கும் பதினெட்டு சதவீதந்தானுங்க.'