ஈரநிலம் என்பது யாதெனின்

2017-ஆம் ஆண்டின் ஈரநில விதிகளை எழுதிய கைக்குத் தங்கக் காப்பு போட வேண்டும். ஈரநிலம் எது என்று இலக்கணம் சொன்ன கையோடு, எதெல்லாம் ஈரநிலம் அல்ல என்றும் வகுத்துவிட்டார்கள். ஆறு ஓடும் தடம் அல்ல. நெல்வயல் அல்ல. குடிநீருக்காக மனிதர் வெட்டியது அல்ல. உப்பளம் அல்ல. பாசனத்துக்கென்று கட்டியதும் அல்ல. நம்மூர் ஏரிகளில் பெரும்பாலானவை யாரோ ஒரு முப்பாட்டன் பாசனத்துக்காகக் கரை போட்டுத் தேக்கியவை. ஆகவே கோரை முளைக்கலாம், நத்தைகுத்தி நாரை வந்து இரை பொறுக்கலாம், ஐப்பசியில் ஆள் முங்கத் தண்ணீர் நிற்கலாம். ஈரநிலம் மட்டும் ஆகாது. முப்பாட்டன் மண் சுமந்த குற்றத்துக்கு ஏரிக்குப் பாதுகாப்பு ரத்து!

மனிதக் கை படாத சதுப்பாவது தப்பித்ததா? சென்னையின் பள்ளிக்கரணையைப் பாருங்கள். ஊரார் அதைக் கழுவெளி என்றார்கள். தாம்பரம் பக்கத்திலிருந்து வேளச்சேரி வரை முப்பதுக்கும் மேற்பட்ட ஏரிகள், ஒன்று நிறைந்து கலங்கல் வழிய அடுத்தது நிறைந்து, கடைசியில் வந்து சேரும் இடம் அது. வந்த தண்ணீரை ஆற அமர வாங்கி வைத்துக்கொண்டு ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாய்க்கும், அங்கிருந்து கோவளம் கழிமுகத்துக்கும் மெல்ல அனுப்பும். சம்பளம் கேட்காது, டெண்டர் விடாது. ஒருவருக்கும் கமிஷன் பெயராத இந்த வேலையை எந்த அரசாங்கம் பொறுத்துக்கொள்ளும்? வருவாய்த்துறை பேரேட்டில் ‘தரிசு’ என்று எழுதினார்கள். தரிசு என்றான பிறகு குப்பையைக் கொட்ட என்ன தடை? பெருங்குடியில் மலையாகக் கொட்டினார்கள். கடலை ஆராய ஒரு மத்திய நிறுவனம், காற்றை ஆராய இன்னொன்று, ரயில் நிலையம், ஆரச்சாலை, கண்ணாடி மாளிகைகளில் கணினிக் கம்பெனிகள். தண்ணீர் நின்ற இடத்தில் இன்று தண்ணீரைத் தவிர எல்லாம் நிற்கிறது.

மிச்சத்தைக் காப்பாற்றிய கதை இன்னும் அழகு. 2007-இல் 317 ஹெக்டேரைக் ‘காப்புக்காடு’ என்று அறிவித்தார்கள். காடாம்! காப்பாற்றுவதற்கும் சதுப்பு வேறு வேஷம் கட்டித்தான் வரவேண்டியிருக்கிறது. 2022-இல் ராம்சார் என்னும் சர்வதேச ஈரநிலப் பட்டமும் கிடைத்தது. இப்போது மனை விற்பவர்கள் அதையே ‘பறவைகள் சரணாலயத்தைப் பார்த்த பால்கனி’ என்று சதுர அடிக்கு விலை சேர்த்துச் சொல்கிறார்கள்.

இவ்வளவையும் தூர்த்த பிறகு மாநகராட்சிக்கு ஞானோதயம்: மழைநீரை உறிஞ்ச நகரத்துக்கு ஓர் இடம் வேண்டுமே! உடனே பூங்காக்களுக்குள் பள்ளம் தோண்டி, கூழாங்கல் பரப்பி, ‘ஸ்பாஞ்ச் பார்க்’ என்று பெயர் வைத்தாயிற்று. ஆயிரக்கணக்கான ஹெக்டேர் பஞ்சைச் சிமென்ட் போட்டு மூடிவிட்டு, கைக்குட்டை அளவு பஞ்சுக்கு ரிப்பன் வெட்டுகிறோம்.

எங்கள் தெருவிலும் மழைநீர் வடிகால் உண்டு. இரண்டு மழைக்காலம் பள்ளம் தோண்டிக் கம்பி நீட்டி, ஒரு ஸ்கூட்டரையும் இரண்டு பசுவையும் காவு கேட்டு, ஒருவழியாய்க் கட்டி முடித்தார்கள். தண்ணீர் உள்ளே போகும் வாய் சாலையைவிட நாலு விரற்கடை உயரத்தில் இருக்கிறது. சாலையில் முழங்கால் தண்ணீர் ஏறிய பிறகே வடிகாலுக்குத் தாகம் எடுக்கும். அதுவரை அதற்குள் ஓடுவது, பின்வீட்டுக்காரர் இரவோடிரவாக இணைத்த கழிவுநீர்க் குழாயின் கொடை. கேட்டால் லெவல் எடுத்துத்தான் கட்டினோம் என்கிறார் பொறியாளர். எந்த லெவலில் எடுத்தார் என்பதுதான் ஊருக்கே தெரியுமே.

பிறகு வெள்ளம் வரும். அதற்கும் சொல் தயார்: வரலாறு காணாத மழை. 2015-இல் காணாதது, 2021-இல் காணாதது, 2023-இல் காணாதது. வரலாற்றுக்குக் கண்புரை முற்றிவிட்டது போலும். எச்சரிக்கை வந்ததும் மக்கள் வேளச்சேரி மேம்பாலத்தில் வரிசையாகக் காரை ஏற்றி நிறுத்துகிறார்கள். வார்த்தை ஜாலத்தை நம்பாமல் மேட்டைத் தேடிப் போனவர்கள் அவர்கள்தான், கார் இருப்பவர்கள்.

கார் இல்லாதவர்களுக்கு வேறு சொல் இருக்கிறது: ஆக்கிரமிப்பாளர். கூவம், அடையாறு ஓரத்தில் தகரம் போட்டுக் குடியிருந்தால் அது நீர்வழி ஆக்கிரமிப்பு. அதே கரையில் பத்து மாடி எழுந்தால் அது நதிமுகக் குடியிருப்பு. வெள்ளத்திலிருந்து காப்பாற்றுகிறோம் என்று சொல்லி, பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளைப் பரீட்சைக்கு முன்னால்கூட லாரியில் ஏற்றினார்கள். கொண்டுபோய் இறக்கிய இடம் எது? பெரும்பாக்கம், செம்மஞ்சேரி. அதே கழுவெளிக்குத் தண்ணீர் போகும் பள்ளம். அடுத்த மழைக்கு அங்கே தரைத்தளத்தில் தண்ணீர் புகுந்தது. அந்த அடுக்குமாடியைக் கட்டியது அரசாங்கம் என்பதால், ஆக்கிரமிப்பு என்ற சொல் அந்தக் கட்டடத்தின் மேல் மட்டும் ஒட்டவில்லை. நிவாரணப் பொட்டலத்தோடு படகில் வந்தவர்கள் அந்த மக்களுக்கே அறிவுரையும் தந்துவிட்டுப் போனார்கள்: நீர்நிலைகளில் குப்பை போடாதீர்கள்.